பன்னிரண்டு பொட்டு

இடுப்பு வலி எனக்குப் புதிதல்ல. பள்ளி விடுமுறையை எல்லாம் உப்பளத்தில் கழித்தவள் நான். பெட்டி சுமந்த வலியும் தெரியும், குனிந்து வாரிய வலியும் தெரியும். ஆனால் பேராசிரியர் அறைக்கு வெளியே போட்டிருக்கும் மரப் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் வருகிற வலி தனி ரகம். உப்பு சுமந்தால் இடுப்பு மட்டும்தான் வலிக்கும். இங்கே பல்லும் சேர்ந்து வலிக்கும், கடித்துக்கொண்டே இருப்பதால்.

அரசு ஆய்வுப் பெட்டகத்தில் எனக்கு 'நிரல் ஒப்படைப்பு ஊக்குநர்' என்று பதவி. கல்லூரி கல்லூரியாகப் போய், ஆராய்ச்சிக்காரர்கள் எழுதி வைத்திருக்கும் கணினி நிரல்களைப் பெட்டகத்தில் போடச் சொல்லிக் கெஞ்சுவது வேலை. சட்டத்தில் கெஞ்சுவது என்று இல்லை, ஊக்குவிப்பது என்று இருக்கிறது. மூன்று வருடத்தில் நாற்பத்தொரு பேரை ஊக்குவித்தேன். நான்கு பேர் போட்டார்கள். அதில் ஒருவர் கைதவறித் தன் மகள் கல்யாணப் பத்திரிகையைப் போட்டுவிட்டார்.

அன்று நான் உட்கார்ந்திருந்தது பேராசிரியர் ஆவுடையப்பன் வாசலில். கைமணிக்குள் ஓடுகிற நிரல் அவருடையது.

வெயில் நாற்பத்தைந்தைத் தொட ஆரம்பித்த பிறகு வந்த சட்டம் கைமணி. உப்பளம், செங்கல் சூளை, சாலை வேலை என்று வெயிலில் நிற்கிற எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை. வியர்வையையும் நாடியையும் பார்த்து, இனி உடம்பு தாங்காது என்று அது முடிவுசெய்தால் மணி அடிக்கும். அடித்தால் இருபது நிமிடம் நிழல், கூலி பிடிக்கக் கூடாது. அடிக்காமல் உட்கார்ந்தால் பிடிக்கலாம். எப்போது அடிக்க வேண்டும் என்று சொல்லும் அந்த நிரலை ஆய்வகத்துக்கு வெளியே ஒருவரும் பார்த்ததில்லை. சித்திரை ஒன்றாம் தேதி புதுப் பட்டைகள் வருகின்றன. அதே நிரலை ஏற்றி, ஐந்து வருடத்துக்கு முத்திரை வைத்து மூடிவிடுவார்கள். அதற்கு இன்னும் ஒன்பது நாள்.

என் அம்மா முத்துப்பேச்சி கையிலும் அந்தப் பட்டை இருக்கிறது.

"மணி நல்லாத்தான் அடிக்கி. ஆள் விழுந்த பெறவு அடிக்கி" என்பாள்.

போன ஆவணியில் அவள் பக்கத்துப் பாத்தியில் நின்ற சுடலி அப்படித்தான் விழுந்தாள். மணி அடித்தபோது அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிழைத்தாள். ஆனால் இனி வெயிலில் நிற்க முடியாது. வீட்டில் பீடி சுற்றுகிறாள், ஒரு கட்டுக்கு நடுவில் இரண்டு தடவை படுத்துக்கொள்கிறாள். தொழிலாளர் அலுவலகத்துக்கு மூன்று மனு எழுதினோம். 'நிரல் சரியாக உள்ளதென நிரலை எழுதியவரே சான்றளித்துள்ளார்' என்று மூன்று தடவையும் ஒரே பதில் வந்தது.

"அந்த மணிக்குக் கணக்கு எழுதினவன் கல்யாணம் கத்திரி வெயில்ல தகரக் கொட்டகைக்குள்ள நடக்கட்டும்" என்று அம்மா மண்ணை வாரித் தூற்றினாள். அதற்கு மேல் ஒரு சாபம் அவளுக்குத் தெரியாது.

இதே ஆய்வகத்தில் ஒன்பது வருடத்துக்கு முன் ஆறு மாதம் நான் புராஜெக்ட் செய்திருக்கிறேன். ஆவுடையப்பனுக்கு அது நினைவில்லை. ஒவ்வொரு தடவையும் "உங்களுக்கு எந்த ஊரு?" என்பார். சொல்வேன். "அப்படியா, அங்க உப்பளம் இருக்கே" என்பார். இருக்கிறது.

உள்ளே கூப்பிட்டார்கள்.

"சந்தனமாரி மேடம், மறுபடியுமா? உக்காருங்க. இந்தத் தடம் தடம்ங்கிறீங்களே, அது என்னன்னு இன்னொரு தடவை சொல்லுங்க."

"நோட்டுப் புத்தகம்தான் சார். புரோகிராம்ல ஒரு வரி மாத்துனா, யார் மாத்துனா, எப்ப மாத்துனா, எதுக்கு மாத்துனான்னு அதுல நிக்கும். பழசு அழியாது. வேணும்னா திரும்பிப் போகலாம். பெட்டகத்துல போட்டா யாரும் எடுத்துச் சரிபார்க்கலாம்."

"யாரும்னா?"

"யாரும் சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வீட்ல சமைக்கிறோம். அடுப்படியை வாசல்ல வச்சா சமைக்கிறோம்?"

"வீட்டுக்குச் சமைச்சா சரி சார். நீங்க ஒரு லட்சம் பேருக்குச் சமைக்கிறீங்க. ஓட்டலுக்குள்ள அதிகாரி வந்து பார்க்கத்தான் செய்வாரு."

"திருடிருவாங்க."

"திருடட்டும் சார். வெயிலைத் திருடி யார் என்ன செய்யப் போறா?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அசிங்கமா இருக்கும்மா. பன்னிரண்டு வருஷம், பன்னிரண்டு பசங்க கை வச்சது. ஒருத்தன் எழுதினது இன்னொருத்தனுக்குப் புரியாது. படிச்சா ஊர் சிரிக்கும்."

"இதுல வெட்கப்பட ஒண்ணுமில்ல சார்" என்றேன். நாற்பத்தொரு பேரிடமும் சொன்ன வாக்கியம். வாய் தானாகச் சொல்லும்.

"யோசிக்கிறேன்" என்றார். யோசிக்கிறேன் என்றால் கதவு அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆளு அறை எத்தனாவது மாடி?"

"நாலு. லிஃப்ட் ஓடாது."

"நல்லதாப் போச்சு. நாளைக்கு நான் வாரேன்."

மறுநாள் பதினொரு மணிக்கு, பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே வந்து நான்கு மாடி ஏறினாள். வேலைக்குப் போகிற முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் கருவாட்டுப் பை. பெரிய மனிதர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதாம். ஏசி அறைக்குள் அந்தப் பை நுழைந்த விநாடி ஆவுடையப்பன் முகம் ஒரு பக்கமாகப் போயிற்று.

"சார் சைவம், ஆச்சி" என்றார் ஆய்வக உதவியாளர் பலவேசம். இருபது வருடமாக அங்கே இருக்கிறவர். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம்.

"அது தெரியாமப் போச்சே. அப்ப நீ வச்சுக்கய்யா."

பலவேசம் மறுக்கவில்லை.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். மூச்சு இழுத்தது. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. பட்டை கட்டிய கையை நீட்டி மேசைமேல் வைத்தாள். "ஐயா, இந்த மணி அடிக்கிறவுக நீங்கதானா?"

"நான் அடிக்கலம்மா. அது உங்க உடம்பைப் பார்த்து அடிக்கும்."

"அப்படியா. இப்ப என் உடம்பப் பாருங்க. நீங்க படிச்சவுக. இது உக்காரணுமா வேண்டாமா?"

அவர் பார்த்தார். யார் பார்த்தாலும் தெரியும். "உக்காரணும்தான்."

"அப்ப மணி எங்க?"

பட்டை சும்மா இருந்தது. ஆவுடையப்பன் கடிகாரத்தைப் பார்த்தார், பட்டையைப் பார்த்தார். பலவேசம் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தாள். காப்பி வந்தது. அதையும் ஆற்றிக் குடிக்க ஆரம்பித்தாள். வியர்வை அடங்கியது. சுவரில் மாட்டியிருந்த விருதுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, "இது என்னத்துக்குக் குடுத்தாவ, அது என்னத்துக்குக் குடுத்தாவ?" என்று விசாரித்தாள். மூன்றாவது விருது கைமணிக்குக் கொடுத்தது. அதை அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது.

அம்மா மரியாதையாகக் காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். "அடிச்சிட்டான். வேலைய நிறுத்தணும்லா."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினோரு நிமிஷம்" என்றார். அவ்வளவுதான். பிறகு எழுந்து மேசை இழுப்பறையைத் திறந்தார். "பலவேசம், சரியான டிரைவை எடு. பொட்டு வச்சது."

அந்த ஆய்வகத்தின் முறையை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள், அப்போதைய நிரலைப் புதுப் பென் டிரைவில் ஏற்றுவார்கள். பழசின் பொட்டைத் துடைத்து இழுப்பறையில் போட வேண்டும். புதுசை சரஸ்வதி படத்துக்கு முன்னால் பொரிகடலையோடு வைத்து, சந்தனம் குங்குமம் இடுவார்கள். பொட்டு இருந்தால் அது சரியான டிரைவ், இல்லாவிட்டால் பழசு. இதுதான் ஆவுடையப்பனின் ஏற்பாடு. கேட்டால் நல்ல ஏற்பாடு மாதிரித்தான் இருக்கும்.

பலவேசம் இழுப்பறையை முழுசாக உருவி மேசைமேல் வைத்தார். பன்னிரண்டு டிரைவ். பன்னிரண்டிலும் பொட்டு.

"எல்லாத்துக்குமா வச்ச?"

"ஆமா சார்."

"எந்த வருஷத்துல இருந்து?"

"முதல் வருஷத்துல இருந்து. சாமி முன்னால ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காம இருக்க முடியுமா? பழசானா ஆயுதம் இல்லன்னு ஆயிருமா? நாளைக்கு எனக்கும் ரிட்டயர்மெண்டு வரும்லா."

"அப்ப மூணு வருஷம் முன்னால கவர்மெண்டுக்கு எதை அனுப்புனோம்?"

"பொட்டு வச்சத எடுன்னிய. எடுத்துக் குடுத்தேன்."

ஆவுடையப்பன் உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் ஒரு மணி அடித்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

கோப்புகளைத் திறந்து தேதி பார்க்கலாமே என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகத் திறந்தேன். 'இறுதி', 'இறுதி புதுசு', 'சார் பார்த்தது', 'சார் மறுபடி பார்த்தது', 'இதுதான்', 'இதுவேதான்', 'இதைத் தொடாதே'. தேதி எல்லாவற்றிலும் ஒன்றுதான், ஜனவரி ஒன்று. அந்த ஆய்வகக் கணினியின் உள்ளே இருக்கிற சின்ன பாட்டரி செத்துப் பலகாலம். யாரும் மாற்றவில்லை. ஒவ்வொரு காலையும் அது புத்தாண்டு என்று நினைத்துக்கொண்டுதான் கண்விழிக்கும்.

"எது முன்னால எது பின்னாலன்னே தெரியாம எப்படிச் சரிபார்க்கிறது?" என்றேன்.

அம்மா ஒரு டிரைவை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "ஏய்யா, இந்தப் பொட்டை நீ தொடைக்கிறதே இல்லையா? பொருக்கு மாதிரி நிக்கி."

"சாமிக்கு வச்சதத் தொடைக்கலாமா ஆச்சி? அது மேலதான் வைப்பேன்."

"அப்ப இதுல எத்தன இருக்குன்னு எண்ணு."

உப்பளத்தில் பாத்தியின் உப்புப் படிவத்தை ஓரமாக வெட்டிப் பார்த்தே எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்கிறவள் அவள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்து மண்ணியல் துறைக்கு ஓடி ஒரு லென்ஸ் வாங்கி வந்தேன். பொட்டின் ஓரத்தை ஊசியால் சுரண்டினால், சந்தனம் குங்குமம் சந்தனம் குங்குமம் என்று அடுக்கு அடுக்காக இருந்தது. ஒரு டிரைவில் பன்னிரண்டு அடுக்கு. ஒன்றில் பதினொன்று. கடைசியில் ஒன்றே ஒன்று. ஆண்டுக்கு ஒரு பூச்சு, பிசகில்லாமல். நாற்பத்தொரு பேராசிரியர்களில் ஒருவரும் செய்யாத காரியத்தை ஆய்வக உதவியாளர் பலவேசம் சந்தனத்தால் செய்து வைத்திருந்தார்.

வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாகத் தடத்தில் ஏற்றினேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் என்ன வித்தியாசம் என்று அது தானே காட்டும். பன்னிரண்டு பொட்டு வாங்கிய முதல் டிரைவில் ஒரு வரி இருந்தது. மணி அடிக்கும் நேரத்திலிருந்து பதினொரு நிமிடம் கழி. பக்கத்தில் ஒரு குறிப்பு: 'பலவேசம் சொன்னது.'

"நீ என்ன சொன்ன?" என்றார் ஆவுடையப்பன்.

பலவேசம் கருவாட்டுப் பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். "அப்ப ஒரு பையன் இருந்தான்லா, இப்ப ஜெர்மனில இருக்கான். அவங்கூட உப்பளத்துக்கு அளவெடுக்கப் போனேன். அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க ஆளாளுக்கு, சோர்வா இருக்கா, சோர்வா இருக்கான்னு கேப்பான். ஆமான்னு சொல்லுத நேரத்தக் குறிச்சுக்கிடுவான். நான் சொன்னேன், தம்பி, கங்காணி பக்கத்துல நிக்கான், எவ ஆமாம்பா? வாயக் கேக்காத, காலப் பாரு. தாங்க முடியலன்னா கால மாத்தி மாத்தி நிப்பாங்க. கால் சொன்னதுக்கும் வாய் சொன்னதுக்கும் பதினோரு நிமிசம் இருந்துச்சு. அத அவன் எழுதிக்கிட்டான்."

அம்மா பலவேசத்தைப் பார்த்தாள். "நீ எந்த ஊருய்யா?"

"முக்காணி, ஆச்சி. உப்பளத்துக்குப் பக்கம்."

"அதான்" என்றாள்.

பதினொரு பொட்டில் ஒன்றும் மாறவில்லை. பத்துப் பொட்டு, அதாவது 'சார் பார்த்தது'. அதில் பதினொன்று இருந்தது, குறிப்பு இல்லை. ஆவுடையப்பன் தொண்டையைக் கனைத்தார். "அட்டெண்டர் பேரெல்லாம் புரோகிராமுக்குள்ள எதுக்குன்னு நான்தான்..." முடிக்கவில்லை. பலவேசம் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

ஒன்பது பொட்டு. பதினொன்றே இல்லை. அந்த வரியை யாரோ எடுத்திருந்தார்கள்; அதற்குப் பிறகு வந்த எட்டிலும் அது இல்லை. எடுத்த இடத்தில் ஒரு குறிப்பு: 'எங்க ஆளுங்க அவ்வளவு சீக்கிரம் உக்கார மாட்டாங்க.'

வாக்கியத்தைப் படிக்கும்போதே எனக்கு அது யார் குரல் என்று தெரிந்துவிட்டது. இந்த அறையில், ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து நான் அடித்தது. இருபத்திரண்டு வயது. உப்பள வீட்டிலிருந்து வந்த ஒரே பெண். காரணம் சொல்லாமல் நிற்கிற ஒரு பதினொன்றைப் பார்த்தேன். எங்கள் சனம் பதினொரு நிமிடம் முன்னாலேயே சோர்ந்துவிடும் என்று எவனோ ஏசியில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். கோபம் வந்தது. அழித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அன்றைக்கு மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டதுகூட நினைவிருக்கிறது.

"இது யார்னு தெரியலையே" என்றார் ஆவுடையப்பன். முகத்தில், நான் இல்லை என்ற நிம்மதி.

"நான்தான் சார்."

"நீங்களா? நீங்க எப்ப இங்க..."

"ஒன்பது வருஷம் முன்னால. ஆறு மாசம்."

என்னை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு நல்ல மனிதராக, வாசல் பெஞ்சுக்குப் போய்விட்ட அம்மாவுக்குக் கேட்காதபடி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒண்ணு செய்வோம்மா. அந்த ஒன்பது பொட்டு டிரைவ் கெட்டுப்போச்சுன்னு வச்சுக்குவோம். பதினொரு டிரைவே போதும். அந்தப் பதினோரு நிமிஷத்தைத் திரும்பச் சேர்த்துரலாம். சித்திரைக்குள்ள எல்லாம் சரியாயிரும். உங்க பேரு வெளிய வர வேண்டாம். உங்க வேலைக்கும் அது நல்லதில்ல."

நியாயமான யோசனை. அதிலும் எனக்குச் சொல்லப்பட்ட யோசனைகளிலேயே இவ்வளவு அன்பான யோசனை வேறு இல்லை. வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நாற்பத்தொரு பேரிடம் சொன்னேனே, வெட்கம் எத்தனை கிலோ என்று அப்போது எனக்குத் தெரியாது. உப்புப் பெட்டியைவிட அது கனம். தலையில் ஏற்றி விடவும் ஆள் கிடையாது.

"வேண்டாம் சார். பன்னிரண்டும் போகட்டும். பத்துப் பொட்டும் சேர்த்து."

பத்துப் பொட்டு என்றதும் அவர் முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "பலவேசம் முழுப் பேரு என்ன?" என்று கேட்டார். இருபது வருடத்தில் முதல் தடவை.

"சொ. பலவேசம், சார். சொ-ன்னா சொரிமுத்து."

அதை அவரே தட்டச்சு செய்தார். ஒரு விரலால், தேடித் தேடி.

நான் பதினொன்றைத் திரும்பச் சேர்த்தேன். தடம் கேட்டது: மாற்றியது யார்? சந்தனமாரி. எதற்காக? அந்தப் பெட்டிக்குள் எழுதினேன்: 'இதை அழித்தவள் நான். யாரையும் கேட்காமல் அழித்தேன். மூன்று கோடையாக மணி பதினொரு நிமிடம் தாமதமாக அடிக்கிறது.' பொத்தானை அழுத்தினேன். பெட்டகத்தில் ஏறியது. என் வேலைக் கணக்கில் ஐந்தாவது பேராசிரியர். கைதவறிப் போட்ட கல்யாணப் பத்திரிகையைக் கழித்தால் நாலாவது.

வெளியே பெஞ்சில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னட்டி இந்தப் பெஞ்சு, உப்பளமே தேவல போலிருக்கே. கண்டுபிடிச்சாச்சா? யாரு அந்தப் பய?"

"பய இல்லம்மா. நான்."

சொன்னேன். கோபம் வந்ததையும் சொன்னேன், எங்கள் ஆட்களுக்காகத்தான் அழித்தேன் என்பதையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே படியில் பாதி தூரம் இறங்கினாள். இரண்டாவது மாடியில் நின்றாள்.

"ஒன் கல்யாணம் எப்ப நடந்துச்சு?"

"வைகாசி பத்து."

"கத்திரி வெயிலு. மண்டபம் கெடைக்காம, ரைஸ்மில்லு தகரக் கொட்டகையில. மாப்பிள்ளை மயங்கி விழுந்தாரே."

"ஆமாம்மா."

"அப்ப அது முன்கூட்டியே பலிச்சிருக்கு" என்றாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் தெரியவில்லை. தரைக்கு வந்த பிறகுதான் மறுபடி பேசினாள். "ஊருக்குச் சொல்லுத மாதிரி கம்ப்யூட்டர்ல சொல்லிட்ட. சுடலிகிட்ட யாரு சொல்லுவா?"

"நான்தான் சொல்லணும்."

"சொல்லு."

புதுப் பட்டைகள் வந்துவிட்டன. மணி இப்போது நேரத்துக்கு அடிக்கிறது. அம்மா அந்த இருபது நிமிடத்தில் ஒரு குட்டித் தூக்கம் போடுகிறாளாம், கங்காணிக்கு வயிறு எரிகிறதாம். நான் இரண்டு தடவை சுடலி வீட்டுத் தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன். பெட்டகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் சுடலிக்குப் படிக்கத் தெரியாது.

போன ஆவணியில் அவளுக்குச் சேர வேண்டிய பதினொரு நிமிட நிழல் என்னிடம் இருக்கிறது. நான் இன்னும் கொடுக்கவில்லை.